எட்டாம் நம்பர்

டெலிபோன் போர்டுக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தபோது, விரல்கள் எல்லாவற்றையும் மறந்திருக்குமோ என்பதுதான் தங்கமணிக்குப் பயம். கல்யாணத்துக்காக விட்ட வேலை. விட்டுப் பன்னிரண்டு வருஷம் கழித்து, புருஷன் போய்ச் சேர்ந்தபின், அதே நாற்காலி. வாங்கித் தந்தது அண்ணன் கோவிந்தராசு. மிராசுதார்; அறுபத்தேழில் ஆட்சி மாறிய மறுநாளே தோள் துண்டின் கரையையும் மாற்றிக்கொண்டவர். வாங்கித் தந்த வேலையைப் பிடுங்கவும் அவரால் முடியும்.

மேற்பார்வை ஹமீதா பானு, கூத்தாநல்லூர்க்காரி. முதல் நாள் காலையிலேயே தங்கமணியின் கண்ணைக் கைக்குட்டையால் கட்டிவிட்டாள்.

"ரைஸ் மில்லு?"

எட்டு. மேல் வரிசை, இடது மூலை. விரல் தானாகப் போய் வயரைச் செருகியது.

"போலீசு?"

நாற்பது. அடி வரிசை, வலது கோடி.

"அடி ராட்சசி! வீட்டுல மாவு அரைச்சியா, இதையே தடவிக்கிட்டு இருந்தியா?"

மத்தியானம், அழைப்பு வந்ததற்கு அடையாளமாக, எட்டாம் நம்பரின் சின்ன மூடி டப்பென்று விழுந்தது. மில் முதலாளி துரைராசு, அண்ணன் வீட்டைக் கேட்டார். இணைத்துவிட்டு, பேச்சு சேர்ந்ததா என்று ஓரிரு வார்த்தை கேட்டபின் விலகுவது முறை. அதற்குள் காதில் விழுந்தது இது.

"ஆளுங்க தயாருங்க மிராசு. லாரி எந்தப் பக்கமா வரணும்?"

"சாயங்காலம் சொல்றேன். ஆனா ஒண்ணு. வைரக்கண்ணு வலது கை இனிமே அருவாளைப் பிடிக்கக் கூடாது."

வைரக்கண்ணு, அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டுச் சங்கம் சேர்த்தவன். தங்கமணியின் புருஷனைப் பாம்பு தீண்டியபோது, கட்டிலோடு தூக்கிக்கொண்டு முன்னால் ஓடியதும் அவன்தான்.

விலகிய பிறகும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தாள். காலையில், 'வெறும் வயித்தோட போகாதே மணி, ரெண்டு இட்லி தின்னுட்டுப் போ' என்று கெஞ்சிய அண்ணனின் அதே குரல்.

"லைன் சரியில்லையா?" என்றாள் ஹமீதா.

"இல்லக்கா. நல்லாத்தான் கேக்குது."

சாயங்காலம் அண்ணன் வீட்டு மூடி விழுந்தது.

"மணியா? நீ இருக்கிறது நல்லதாப் போச்சு. எட்டாம் நம்பர் போடு."

கை எட்டுக்குத்தான் கிளம்பியது. வழியில் என்ன ஆயிற்றென்று அவளுக்கே தெரியாது. வயர் நாற்பதில் போய் நின்றது. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை அவள் விலகவில்லை.

எதிராளியை ஹலோ சொல்ல விடுகிற வழக்கம் மிராசுக்குக் கிடையாது.

"வாய்க்கால் பாலம் வழியா லாரிய விடு. இருட்டினதும் ஆளுங்க தெருவுக்குள்ள இறங்கட்டும். வைரக்கண்ணு கைய எடுத்தாப் போதும், உசுரு வேணாம்."

அவ்வளவு பெருந்தன்மை.

"மிராசு... இது ஸ்டேஷனுங்க. ஏட்டு பக்கிரி பேசறேன்."

"நம்பர் தப்பிப் போச்சு ஏட்டய்யா. சும்மா ஒரு தமாசுக்கு..."

"தமாசாவே இருக்கட்டுங்க. நான் உங்க வீட்டுச் சோறு தின்னவன்தான். ஆனா காதுல விழுந்து தொலைச்சிடுச்சே! இன்ஸ்பெக்டர் வேற பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருக்காரு. இனிமே அந்த ஆளு கையில முள்ளு குத்தினாக்கூட உங்களைத்தான் கேப்போம். லாரிய நிறுத்திடுங்க."

தங்கமணி வயரைப் பிடுங்கினாள். அடுத்த நிமிஷமே அண்ணன் வீட்டு மூடி திரும்ப விழுந்தது. அவள் அசையவில்லை. ஹமீதா அவள் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டாள். அண்ணன் போட்ட கூச்சல் வெளியிலேயே கேட்டது.

"பன்னெண்டு வருஷம் விட்டவளை உக்கார வெச்சா இப்படித்தானா? தப்பாப் போட்டாளா, வேணும்னே போட்டாளா? அதை மட்டும் சொல்லும்மா!"

ஹமீதா போர்டைப் பார்த்தாள். மேல் வரிசை இடது மூலை. அடி வரிசை வலது கோடி. மேஜையில் காலையில் அவிழ்த்த கைக்குட்டை கிடந்தது. பிறகு தங்கமணியைப் பார்த்தாள்.

"தப்புத்தாங்க," என்றாள். "கை சுத்தமா மறந்துபோச்சு இதுக்கு. திட்டித் திட்டித்தான் பழக்கணும்."

"நல்லாத் திட்டு!"

"இதோ, இப்பவே ஆரம்பிக்கிறேங்க."

வைத்துவிட்டுத் திரும்பியவள் திட்டவில்லை. கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். தான் அழுதுகொண்டிருப்பது தங்கமணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தொடச்சுக்கடி. மூடி விழுது பாரு."