பால்காரிக்கும் ஒரு பொட்டு

வியாழன், காலை ஒன்பதரை. ரோமில் ஏறிய ரயிலை மெசினாவில் பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏற்றிக் கடல் கடத்தினார்கள். படுத்தபடியே கடலைத் தாண்டிய எனக்கு, பலெர்மோவின் மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே செந்த்ராலேயில் இறங்கிய பிறகும் தரை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை போகவில்லை.

பள்ளித் தோழனின் தங்கை வசந்தி வந்திருந்தாள். பொலிதேயாமா அரங்கின் பக்கம், இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தனியாக வாழும் ஒரு முதிய சிஞ்ஞோராவின், இத்தாலிய அம்மையாரின், வீட்டில் ஆறு வருடமாக வேலை. ஆயிரத்து இருநூறு லீராவுக்குக் கோப்பி வாங்கித் தந்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

“அண்ணை, சிஞ்ஞோரா தன்ரை பழைய இங்கிலீஷ் சுவர்ப்படங்களை விக்கப் போறா. நாளைக்கு விலை பாக்க ஆள் வருது. அடியிலை எழுதியிருக்கிறதை நீங்கள் வாசிச்சுச் சொல்லோணும். ஆனா ஒண்டை நான் பழுதாக்கிப்போட்டன்.”

போன மாரிகாலத்தில் சிஞ்ஞோரா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நடந்ததாம்.

“கும்பிட அங்கை எங்கடை சாமிப்படம் இல்லை. மாதாவுக்குப் பொட்டு வைக்கப் பயமாக் கிடந்துது. ஒரு படத்திலை மாடு நிண்டுது. மாடு லட்சுமிதானே? வெள்ளிக்கு வெள்ளி வைச்சனான். கண்ணாடி வெடிச்சிருந்ததைக் காணேல்லை. குங்குமம் உள்ளை போயிட்டுது.”

வதிவிட அனுமதியான பெர்மெசோவைப் புதுப்பிக்க சிஞ்ஞோராவின் கடிதம் வேண்டும். அவர் கோபித்தால் வேலையும் போய்விடும், நாடும் போய்விடும்.

“அச்சடிக்கேக்கையே அப்பிடித்தான் எண்டு சொல்லுங்கோ. லண்டன்காரர் சொன்னா நம்புவா.”

தலையாட்டினேன். பொய் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எரிச்சலாகவும் இருந்தது.

மாலை நான்கு, சிஞ்ஞோராவின் வீடு. பாதி சாத்திய மரச்சன்னல் வழியே வெயில் கோடு கோடாய்ச் சுவரில் விழுந்தது. எட்டுப் படங்கள். புல் வேய்ந்த குடிசைகள், வைக்கோல் போர், சிவந்த கன்னத்துப் பெண்கள். ஒருத்தி காலிலும் சேறு இல்லை. பன்னிரண்டு வருடத்தில் நான் கண்ட இங்கிலாந்து மழையும் பஸ் நிறுத்தமும்தான். ஆனாலும் அந்த வைக்கோல் போரின் நிழலில் போய்ப் படுத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.

நான் தமிழில் சொல்ல, வசந்தி சிஞ்ஞோராவுக்கு இத்தாலியனில் சொன்னாள். அறுவடை மாலை. ஆப்பிள் பறிக்கும் நாள். ஆறாவது, பால் கறக்கும் வேளை. பால்காரி கறந்துகொண்டிருந்த பசுவின் நெற்றிச் சிவப்பு மூக்குவரை வழிந்திருந்தது.

“இது அச்சிலையே...” என்று தொடங்கினேன். வசந்தி அதை மொழிபெயர்க்கவில்லை. தானாகவே ஏதோ பேசினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மோதிர விரலால் காற்றில் பொட்டு வைத்துக் காட்டியபோது அழுதுவிட்டாள்.

சிஞ்ஞோரா ஒரு கேள்வி கேட்டார். வசந்தி பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“என்னத்துக்கு வைச்சனீ எண்டு கேக்கிறா, அண்ணை. நீங்கள் ஆஸ்பத்திரியாலை சுகமா வீட்டை திரும்பி வரோணும் எண்டுதான் எண்டு சொன்னன்.”

சிஞ்ஞோரா படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு ஒரு வாரம் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. வசந்தி சரியாகச் சாப்பிடவும் இல்லை.

அடுத்த வெள்ளி, காலை எட்டு. விடைபெறப் போனேன். விற்றுப்போன ஏழு படங்கள் இருந்த இடத்தில் ஏழு வெளிறிய சதுரங்கள். பசுப்படம் மட்டும், புதுக் கண்ணாடியோடு, பழைய ஆணியிலேயே தொங்கியது. பசுவின் நெற்றியில் கோணலாய் ஒரு புதுப் பொட்டு. பால்காரிக்கும் ஒன்று.

“சத்தியமா நான் வைக்கேல்லை, அண்ணை.”

மேசையில் பெர்மெசோவுக்கான கடிதம் கையெழுத்தோடு இருந்தது. சிஞ்ஞோரா கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையின் வெள்ளைப் பிடியில் குங்குமம் ஒட்டியிருந்தது.