மூன்று உலகங்களிலும் வேலைக்காரன்

போன மாதம் மகள் என்னைச் சென்னையில் ஒரு விளையாட்டுத் திருவிழாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஏசி மண்டபம், மேசைக்கு மேசை ஒரு ஆட்டம். ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பகடை உருட்டி, வாயாலேயே கதை வளர்க்கிற ஆட்டங்கள். வாசலில் அட்டை மாட்டி நின்ற பையன் "முதல் தடவையா அங்கிள்? பயப்படாதீங்க, ஈஸிதான்" என்றான். சிரித்துவைத்தேன். உள்ளே எரிந்தது. தம்பி, நீ பிறப்பதற்கு வெகு முன்பே இந்த ஆட்டத்தில் நான் செத்துப்போனவன். அதுவும் ஒரே நாளில் இரண்டு முறை.

ஒரு மேசையில் குட்டிப் பொம்மைகளுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு ஸ்டென்சில் ஞாபகம் வந்துவிட்டது. பிரதி எடுப்பதற்காகத் தட்டச்சில் வெட்டும் அந்த மெழுகுத் தாளில் ஓர் எழுத்து தப்பாக விழுந்தால், நகப்பூச்சு போல ஒரு சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, மேலே மறுபடி அடிக்க வேண்டும். எண்பதுகளின் நடுவில் என் பிழைப்பே ஊதுவதுதான். எழுமலையிலிருந்து வந்து, நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத் துறை ஒன்றில் தற்காலிகத் தட்டச்சராக ஒட்டிக்கொண்டிருந்தேன். தற்காலிகம் என்றால், காலையில் பேராசிரியர் முகம் சுளித்தால் சாயங்காலம் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். இங்கிலீஷ் என் விரலுக்கு வரும், வாய்க்கு வராது.

அந்தப் பேராசிரியரின் செல்ல ஆராய்ச்சி மாணவன் சேகர். அன்றைக்கு எனக்கு அவர்தான், இப்போது எழுதும்போது அவன் என்றுதான் வருகிறது, மன்னியுங்கள். அவனுடைய அண்ணன் அமெரிக்காவிலிருந்து மூன்று ஆட்டப் பெட்டிகள் அனுப்பியிருந்தார். சனிக்கிழமை துறை அரங்கில் ஆட்ட மாநாடு என்று அறிவித்தான். மாநாடு என்றால் எனக்குத் தெரிந்தது கட்சி மாநாடுதான். பிரியாணிப் பொட்டலம் உண்டா என்று கேட்டேன். முறைத்தான்.

விதிகளை எல்லாம் சுருக்கி அவன் எழுதித்தர, ஒரு வாரம் உட்கார்ந்து ஸ்டென்சில் வெட்டியது நான். மூன்று ஆட்டமும் எனக்கு மனப்பாடம். மாநாட்டின் முதல் விதியும் அவன் கையெழுத்துதான்: யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதைப் பகடை தீர்மானிக்கும், ஆள் பார்த்துக் கொடுப்பது கிடையாது. அதை அடிக்கும்போதே எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. இரண்டாவது ஆட்டத்தில் ஒரு விண்கலம் உண்டு, அதற்கு ஒரு கேப்டன் உண்டு. கடலையே பார்க்காதவன் நான். எனக்கு அந்தக் கேப்டன் வேண்டும். விழாவிட்டால் போகிறது. விழுவதற்கு ஒரு வாய்ப்பு இருக்கிறதே, அதற்காகவே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

கூட என் அறைத்தோழன் முருகேசன் வந்தான். அவனியாபுரத்தில் லேத்துப் பட்டறைக்காரன். அரங்கில் எங்களைத் தவிர எல்லாரும் ஆராய்ச்சி மாணவர்கள்.

முதல் ஆட்டம், டிராகன் இருக்கிற குகை. சேகர் பகடையைத் தொடவே இல்லை. சீட்டு மாதிரி தாள்களைத் தன் கையாலேயே பிரித்துக் கொடுத்தான். மந்திரவாதி ஒருவனுக்கு, மாவீரன் ஒருவனுக்கு. எனக்கு மூட்டை தூக்குகிறவன், முருகேசனுக்குப் பந்தம் பிடிக்கிறவன். "உங்க ரெண்டு பேருக்கும் லைட்டான ரோல். இங்கிலீஷ் அம்புட்டு வேண்டியதில்ல" என்றான்.

குகைக் கதவில் பொறி இருக்கலாம் என்று மூட்டைக்காரனை முதலில் அனுப்பினார்கள். இருபது முகப் பகடை. உள்ளங்கை வியர்வையில் அது வழுக்கி பெஞ்சுக்கு அடியில் ஓட, நான் தவழ்ந்து போய்ப் பார்த்தால் ஒன்று. ஒன்று விழுந்தால் நாசம் என்று டைப் அடித்தவனே நான்தான். ஆனால் பிறந்ததிலிருந்து தாயக்கட்டை உருட்டிய கை இது. எங்களுக்கு ஒன்று விழுந்தால்தான் காயே இறங்கும். முருகேசன் என் முதுகில் ஒன்று வைத்து, "தாயம் விழுந்திருச்சு மாப்ள" என்றான். நானும் பெஞ்சுக்கு அடியிலிருந்தபடியே பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். சேகர் நான் செத்துவிட்டதாக அறிவித்தான்.

இரண்டாவது, விண்கலம். கேப்டன் தாள் ஒரு கண்ணாடிக்காரனுக்குப் போனது. எனக்குத் துடைப்பம், முருகேசனுக்கு அடுப்படி. விதித்தாளில் 'போர்ட்' என்றால் கலத்தின் இடப்பக்கம் என்பது கேப்டனுக்குத் தெரியவில்லை. நான் எடுத்துச் சொன்னேன். நன்றிக்கடனாக, ஓட்டையை அடைக்க என்னை விண்வெளி உடுப்புகூட இல்லாமல் வெளியே அனுப்பினான். இரண்டாவது சாவு.

சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவது, லண்டனில் ஒரு கொலை. எனக்கு பங்களா வேலைக்காரன், முருகேசனுக்குக் குதிரைவண்டிக்காரன். பாருங்கள், குகை, ஆகாயம், லண்டன். மூன்று உலகங்களிலும் நான் ஏவல் ஆள். ஊரில் எங்கள் விவசாயக் காட்டில் கூலிக்கு மூட்டை தூக்கிய கருப்பையாவிடம் உனக்கு என்னவாக ஆசை என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. அன்றைக்கு என் வயிறு மட்டும்தான் எரிந்தது.

எழுந்தேன். இங்கிலீஷில் ஆரம்பித்தேன், பாதியில் வினைச்சொல் ஓடிவிட்டது. தமிழுக்கு இறங்கி, முதல் விதிப்படி பகடைதானே சார் கொடுக்கணும் என்று கேட்டுவிட்டேன்.

"அதெல்லாம் உனக்கு எதுக்குப்பா. நீ டைப் அடிச்சேல்ல, அதோட சரி."

முருகேசன் எழுந்திருக்கவில்லை. பகடையை எடுத்து மேசை நடுவில் வைத்தான். "எழுதுனது நீங்கதான சார். உருட்டுவோம். விழுறது விழட்டும்."

கண்ணாடிக்காரனே நியாயம்தான் என்றுவிட்டான். சேகரையும் சேர்த்து எல்லாரும் உருட்டினோம். எனக்கு மறுபடியும் வேலைக்காரன். மேசையே சிரித்தது, எல்லாரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். பகடை கொடுத்த வேலைக்காரன் வேறு, சேகர் கொடுத்த வேலைக்காரன் வேறு. முருகேசனுக்கு நீதிபதி. சேகருக்குக் குதிரைவண்டிக்காரன்.

முருகேசன் சட்டையை இழுத்துவிட்டான். நகக்கண்ணெல்லாம் கிரீஸ் கறுப்பாக, இரண்டு கைகளையும் மேசையில் வைத்தான். "வண்டிக்காரரே, இப்படி முன்னால வாங்க. பயப்படாம, பாத்தத மட்டும் சொல்லுங்க" என்றான். அப்படி ஒரு மரியாதையை நான் எந்தக் கோர்ட்டிலும் கேட்டதில்லை.

சேகரின் முகம் இருண்டது. தாள்களை வாரிப் பெட்டியில் போட்டு மூடினான். நேரமாயிற்றாம், அரங்கைப் பூட்ட வேண்டுமாம். மணி மூன்றுகூட ஆகவில்லை. வெயில் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தது.

என் கோபம் அவன்மேல் மட்டுமென்றால் எப்போதோ ஆறியிருக்கும். அவன் பெட்டிகளை அடுக்கி என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். திங்கட்கிழமை, பேராசிரியர், பஸ் எல்லாம் ஒரே நொடியில் கண்ணுக்குள் ஓடின. யாரும் ஏவவில்லை, எந்தப் பகடையும் உருளவில்லை. மூன்று பெட்டிகளையும் நானே தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே விடுதி அறை வரைக்கும் போனேன். அப்படியும் அடுத்த மாதம் என் தற்காலிகம் முடிந்தது.

அன்று திரும்பும்போது முருகேசன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். காளவாசல் தாண்டியதும், வெளியே பார்த்தபடி கேட்டான்.

"பொட்டி ரொம்பக் கனமா மாப்ள?"

காதில் விழாதது போல டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஸ்டென்சில் இல்லை. அவனியாபுரத்துப் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. முருகேசனும் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. கனமே இல்லை, முருகேசா. வெறும் அட்டைப்பெட்டிதான்.