பின்னாலிருந்து பார்த்த தலை

போன மாதம் பெங்களூரிலிருந்து என் மகன் கைபேசியில் ஒரு படம் அனுப்பினான். முகம் இல்லை, தலையின் பின்பக்கம் மட்டும். உச்சியில் வட்டமாக முடி உதிர்ந்து தோல் தெரிந்தது. அந்த வட்டத்தின் நடுவில், சுழி இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சிறு கொத்து, ஏரிக்கு நடுவே விட்டுவைத்த மேடு போல நின்றிருந்தது. கீழே, "இதுக்கு என்னாப்பா பண்ணலாம்? மூணு கிளினிக்ல விசாரிச்சிருக்கேன்" என்று எழுதியிருந்தான். அந்த வரியைப் படித்தது பிறகுதான். முதலில் கைபேசியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டேன். அறுபது வருடமாக நான் பார்க்காத என் அப்பா அதில் இருந்தார்.

அப்பாவை நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் பின்னாலிருந்துதான். திண்டிவனத்தில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதினார். காலையில் என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போவார். என் மூக்குக்கு நேரே தவிட்டு வாசனை அடிக்கும் அவர் சட்டை. நிமிர்ந்தால் அந்தத் தலை. வேகமாக மிதித்தால் உச்சியில் இருக்கும் கொத்து மட்டும் தனியாக ஆடும். எனக்கு ஏழு வயதானபோது மில்லுக்கு பெல்ட் வாங்கிவர விழுப்புரம் போனார். திரும்பி வரவில்லை. வீட்டில் சண்டை கிடையாது, வெளியில் யாரோடும் பகை கிடையாது. பெல்ட் கடைக்காரர் ஒரு தடவை அவர் வந்தார் என்றார், இன்னொரு தடவை வரவில்லை என்றார். அப்போது அப்பாவுக்கு வயது முப்பத்து மூன்று. எங்களிடம் இருந்த ஒரே படம் கல்யாணப் படம். அதிலும் தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்கிறார்.

அம்மா பொட்டை அழிக்கவில்லை. கண்ணால் பார்க்காததை எப்படி ஒத்துக்கொள்வது என்பது அவள் கட்சி. கல்யாண வீடுகளில் அவளை எங்கே உட்காரவைப்பது என்று மற்றவர்கள் விழிப்பதற்குள் அவளாகவே கடைசி வரிசைக்குப் போய்விடுவாள்.

எனக்கு முடி கொட்டத் தொடங்கியது எண்பதுகளின் நடுவில், இருபத்தைந்து வயதுக்கு மேல். விழுப்புரம் விற்பனைக் கூடத்தில் வரும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளை எண்ணிக் குறிப்பது என் வேலை. எண்ணுவது அங்கே தொற்றிய வியாதி, இன்னும் தெளியவில்லை. காலையில் எழுந்ததும் தலையணையில் கிடக்கும் முடியை எண்ணுவேன். சீப்பில் சிக்கியதைத் தனியாக எண்ணுவேன். எண்ணெய்க் குளியல் நாளன்று கூடுதலாகக் கொட்டும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கமாட்டேன். இவ்வளவு எண்ணியும் தலையில் மிச்சம் எவ்வளவு என்று எண்ண வழியில்லாதது எனக்குப் பெரிய குறையாக இருந்தது. சிரிக்காதீர்கள். உங்களுக்குக் கொட்டினால் நீங்களும் எண்ணுவீர்கள்.

தினமும் திண்டிவனத்திலிருந்து ரயிலில் பாஸ் எடுத்துப் போய்வந்தேன். எதிர் சீட்டில் கோர்ட்டில் டைப் அடிக்கும் தனசேகர். அவருக்குத் தலை நிறைய முடி, வாய் நிறைய யோசனை. சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்க்கச் சொன்னவர் அவர்தான். தேய்க்க ஆரம்பித்த வாரத்திலேயே, மயிலத்தில் ஏறுகிறவர்கள் எங்கள் பக்கம் எட்டிப்பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்கள். "முடி வளருதோ இல்லியோ, எனக்குக் கால் நீட்ட எடம் கெடச்சிது. வுடாத, தேச்சிக்கினே இரு" என்றார். முண்டியம்பாக்கம் வரும்போது சர்க்கரை ஆலையின் புளித்த வெல்ல வாடை பெட்டியை நிறைக்கும். அந்தச் சில நிமிடங்கள்தான் என் தலை யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்த நேரம். இப்போதும் எங்காவது வெல்லம் புளித்தால் என் கை உச்சிக்குப் போகிறது.

வெங்காயத்துக்கு அப்புறம் கரிசலாங்கண்ணித் தைலம். தலையணை உறை பச்சையானதுதான் பலன். பிறகு ஓமியோபதி சர்க்கரை உருண்டைகள். டோப்பா வைத்துக்கொள்ளலாமா என்று தனசேகரைக் கேட்டேன். "பேஜாரு. அப்புறம் ஜன்னல் சீட்டு ஒனக்குக் கெடையாது" என்றார். மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்று பலர் சொன்னார்கள். அதற்கு மட்டும் அம்மா சம்மதிக்கவில்லை. அப்பா காணாமல் போன வீட்டுப் பிள்ளை மொட்டைத் தலையோடு தெருவில் நடந்தால் ஊர் என்ன முடிவுக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும்.

கடைசியில் புதுச்சேரியில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். விளக்கைக் கிட்டே இழுத்து என் உச்சியை வெகுநேரம் பார்த்தார். வட்டமாகக் கொட்டி நடுவில் கொத்து நிற்பது அபூர்வம் என்றார். வெளிநாட்டில் ரத்தக்கொதிப்பு மாத்திரை ஒன்றைக் கரைத்துத் தலையில் தடவிப் பார்க்கிறார்களாம், இங்கே வர நாளாகும். சென்னையில் பின்மண்டையிலிருந்து முடியைப் பிடுங்கி முன்னால் நடுகிறார்களாம், நாற்று நடுவது போல. வலிக்கும், செலவு, நின்றால் நிற்கும். எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"இது வம்சத்துல வர்றதுங்க. ஒங்கப்பாவுக்கும் இப்பிடித்தானா? அவரக் கூட்டிக்கினு வாங்க. அவரு தலையப் பாத்தா ஒங்க தலை எங்க போயி நிக்கும்னு சொல்லிடுவேன்."

அப்பா ஊரில் இல்லை என்றேன்.

"அவசரமில்ல. வந்தப்புறம் கூட்டிக்கினு வாங்க."

அந்த வாரமே, ஒரு சாயங்காலம், விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளத்தைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளில் விழுந்தது. ரொம்ப நாள் பழகியவர்கள் போடும் கை.

"என்னா மேஸ்திரி, நீ எங்க இங்க?"

திரும்பினேன். முழங்கை வரைக்கும் செம்மண் காய்ந்திருந்த ஒரு ஆள். என் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். "தப்பா நெனச்சிக்காதீங்க தம்பி. பின்னாடி பாக்கறதுக்கு அப்பிடியே எங்க சூளை மேஸ்திரிதான். அதே மண்டை. நடுவுல அந்தக் கொத்து கூட."

எந்தச் சூளை, அவர் பேர் என்ன என்று நான் வாயைத் திறப்பதற்குள் காட்பாடி பாசஞ்சர் ஊதிவிட்டது. ஓடிப்போய் ஏறினார். படியில் நின்றுகொண்டு, "அவரு பெரியவருங்க. நீங்க சின்னப்புள்ள" என்று சிரித்தார். நானும் ஏறியிருக்கலாம். கையில் டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் இருந்தது. அதைக் கடையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. அடுத்தவன் கிளாஸைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று வளர்த்த வளர்ப்பு.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடை நின்றது. மறுநாள் காலையில் நான் வெங்காயம் உரிக்க உட்கார்ந்ததும் கிண்ணத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வேணாண்டா. இனிமே ஒண்ணும் போடாத. கொட்டறது கொட்டட்டும்."

அடுப்படிக்குள் போனவள் அங்கிருந்தே சொன்னாள். "அந்தத் தலை இருந்தாத்தான ஆளுக்கு அடையாளம் தெரியும்."

அத்தோடு என் வைத்தியம் முடிந்தது. புதுச்சேரி டாக்டரிடம் திரும்பப் போகவில்லை. சுற்றிலும் உதிர உதிரக் கொத்து இன்னும் தெளிவாகத் தெரியும் என்று கணக்குப் போட்டு, உதிர்வதற்கே காத்திருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பிறகு ஒரு இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்பாடி பாசஞ்சரில் போனேன். திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர், ஆரணி ரோடு. சூளை சூளையாக விசாரித்தேன். மேஸ்திரிகள் எல்லாருமே வெயிலுக்குத் தலையில் துண்டு சுற்றியிருந்தார்கள். அவிழ்த்துக் காட்டுங்கள் என்று எப்படிக் கேட்பது? சலித்துப்போய் வேறு வழி கண்டுபிடித்தேன். ரயில் வந்து கூட்டம் இறங்கும் நேரத்தில், இறங்குகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடைமேடையில் நின்றேன். உச்சி எரியும். குடை பிடித்தால் தலை மறைந்துவிடும். காலடிகள் பின்னால் வந்து, கிட்டே வந்து, கடந்து போகும். இரண்டு தடவை தோளில் கை விழுந்தது. ஒருவர் டிக்கெட் பரிசோதகர். இன்னொருவர் மணி கேட்டார்.

அந்த நாட்களில்தான் அனந்தபுரத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். "உள்ள போறப்ப நேரா போ. வெளிய வர்றப்ப திரும்பாம பின்பக்கமாவே நடந்து வந்துடு" என்று தனசேகர் சொல்லிக்கொடுத்தார். அவள் என் முகத்தை மட்டும் பார்த்துச் சம்மதித்துவிட்டாள், பிழைத்தேன். கல்யாணத்தில் தலைப்பாகை கட்ட வந்தார்கள். அம்மா வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். படத்தில் நான் வழுக்கையோடுதான் இருக்கிறேன்.

வாரம் ஒருமுறை அம்மா என் பின்னால் உட்கார்ந்து அந்தக் கொத்துக்கு மட்டும் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் வைப்பாள். சுற்றிலும் எல்லாம் போய், காதுக்கு மேலே ஒரு வரிசையும் நடுவில் அதுவும்தான் பாக்கி. வருடங்கள் போயின. மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பிடுங்கத் தொடங்கிய சமயத்தில் கொத்தும் மெலிந்தது. ஒருநாள் குளித்துவிட்டுத் துவட்டினேன், துண்டில் வந்துவிட்டது. எனக்கு அப்போது நாற்பத்தாறு.

அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து, "இருக்குதாடா?" என்று கேட்டாள்.

"இருக்குதும்மா" என்றேன். உனக்கு எதற்குச் சிரமம், இனி நானே வைத்துக்கொள்கிறேன் என்று கிண்ணத்தை வாங்கினேன். அவள் கை என் தலைப்பக்கம் வரவே இல்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். இரண்டு வருடம் கழித்துப் பொட்டோடு போனாள். காரியத்தன்று நாவிதர் என் தலையில் கத்தியை ஒப்புக்கு ஒருமுறை இழுத்தார். எடுக்க ஒன்றும் இல்லை.

ஒன்றை அம்மா இருந்தவரை வாய்விட்டுச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அந்த ஆள் என் தோளில் கை போட்டபோது எனக்கு இருபத்தேழு. அப்பா இருந்திருந்தால் ஐம்பத்து மூன்று. மருந்தையெல்லாம் நிறுத்திவிட்ட என் தலையில் கொத்து நாற்பத்தாறோடு போய்விட்டது. அப்பாவின் தலையும் இதே கணக்கில் நடந்திருந்தால், ஐம்பத்து மூன்று வயதில் அவருக்குக் கொத்து இருந்திருக்காது. அப்படியானால் அந்த மேஸ்திரி வேறு யாரோ. அவருக்குக் கொத்து இரண்டு வருடம், ஐந்து வருடம் கூடுதலாக நின்றிருக்கக்கூடாதா என்றும் கணக்குப் போட்டிருக்கிறேன். ஏழு வருடம் வேண்டும். ஏழு வருடத்தை எங்கேயிருந்து எடுப்பது?

மகனுக்கு இப்போது முப்பத்து மூன்று. அப்பா போன வயது. காரணம் சொல்லாமல் தினமும் அவனைக் கூப்பிடுகிறேன். "இன்னிக்கு இது மூணாவது வாட்டிப்பா. ஆபீஸ்லதான் இருக்கேன்" என்கிறான். ஒன்றும் போடாதே, விட்டுவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வேன்? "ஒனக்கு எது சரின்னு படுதோ அதப் பண்ணு" என்றேன்.

விழுப்புரம் ஜங்ஷனில் அந்த டீக்கடை இல்லை, கண்ணாடி கிளாஸும் இல்லை. காகிதக் கோப்பை, குடித்ததும் எறிந்துவிட்டு ஓடி ஏறலாம். பழைய பாசஞ்சர் இல்லை. தனசேகர் இல்லை. ரயிலுக்கு நிற்கும்போது மட்டும் நான் இன்னும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறேன். இப்போது பின்னாலிருந்து பார்த்தால் நான் எல்லாக் கிழவர்களையும் போல இருப்பேன்.

நேற்று மகன் இன்னொரு படம் அனுப்பினான். தலையை முழுக்க மழித்து, உச்சியெங்கும் முடியை நட்டிருக்கிறார்கள். சிவப்புப் புள்ளிகள், வரிசை பிடித்தது போல. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினேன். மேலிருந்து ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை. அந்தக் கொத்து எந்த வரிசையில் இருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.