சுமதி தூங்கிய யூனிட்டுகள்

வேலைக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தான் போட வலது கை வரவில்லை. மனைவி சுமதியைக் கூப்பிட்டேன்; வாயில் குழறல்தான் வந்தது. பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது). ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்ததால் பிழைத்தேன். அதற்கே கோயில் கோயிலாகத் தேங்காய் உடைக்க வேண்டும்.

பிளாட் புஷ் என்ற புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது பேச்சு வந்திருந்தது, வலப்பக்கம் வரவில்லை. வீட்டுக்கே வந்து குளிப்பாட்டிவிட ஆள் அனுப்ப அரசின் அனுமதி கிடைத்தது. அதுவும் மணிக்கணக்கில் இல்லை, யூனிட் கணக்கில். எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பராமரிப்பு நிறுவனத்தில் நேரம் ஒதுக்கும் சிவாஜினி, யாழ்ப்பாணத்துப் பெண், ஃபோனில் பொறுமையாக விளக்கினார்.

"ஒரு யூனிட் எண்டால் கால் மணித்தியாலம், அண்ணா. மூண்டைச் சேர்த்து ஒவ்வொரு காலமையும் ஆளை அனுப்புறன். குளிக்க வாத்து, உடுப்பும் மாத்தி விடுவார்."

வந்தவர் கோவிந்த், ஃபிஜிக்காரர். இங்கேதான் எங்கள் அசட்டுத்தனம். அவர் வருவதற்குள் சுமதி என்னைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, விபூதி பூசி, வீட்டையும் பெருக்கிவிடுவாள்.

"வேத்து மனுஷர் வர்றப்ப அழுக்கோட உக்காந்திருப்பீங்களா? நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

கோவிந்துக்குத் தோசையும் காபியும் கிடைக்கும். பாவம், செய்ய வேறு வேலை இல்லாமல் என் கையை நீவிவிட்டுப் போவார். நடந்ததை நடந்தபடி ஆபீசில் சொன்னார். அதில் தப்பே இல்லை.

சில வாரங்களில் சிவாஜினி கூப்பிட்டார். "அண்ணா, குளிப்புக்குத் தந்த யூனிட் ஒண்டும் பாவிக்கேல்லை. தேவையில்லை எண்டு வெட்டிப்போடுவினம். அக்கா தனியச் சமாளிப்பாவோ?"

"ஆமா" என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரே சுமதி சமையல் மேடையைப் பிடித்தபடி, இடுப்பை நிமிர்த்த முடியாமல் நின்றாள். இவளும் விழுந்தால் எங்களுக்கு யார்?

"சமாளிக்க மாட்டா. வெட்ட விட்டுடாதீங்கம்மா" என்றேன்.

"அப்ப கோவிந்த் வரும்வரை ஒண்டும் செய்யவேண்டாம். நான் அவையளோட கதைக்கிறன்."

அன்று வீட்டில் பெரிய சண்டை. "நான் இருக்கிறப்ப இன்னொருத்தர் கையிலயா?" என்று அழுதாள்.

"உன் இடுப்பு போச்சுன்னா உனக்கும் ஒரு ஆள் வரணும். ரெண்டு பேரும் வரிசையில உக்காரலாம், பரவாயில்லையா?" என்றேன். அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

மறுநாள் குளிக்காமல், தலைகூட வாராமல் காத்திருந்தேன். கூச்சம் பிடுங்கித் தின்றது. உங்கள் வீட்டுக்கும் உதவிக்கு ஆள் வந்தால் அப்படியே காத்திருங்கள், கூச்சம் போய்விடும். சிவாஜினி பேசியதால் எங்கள் யூனிட்டுகள் குறையவில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

முன்பெல்லாம் மோட்டார்வே நெரிசலில் கால் மணி நேரம் நின்றாலே ஊரையே திட்டித் தீர்ப்பேன். இப்போது ஒரு சட்டைக்குள் கை நுழையவே அவ்வளவு நேரமாகிறது. இந்தக் கை இப்படித்தான், அதற்கும் பழகிவிட்டேன்.

அப்படிக் குளிக்காமல் காத்திருந்த அந்த முதல் நாள், கோவிந்த் என் முதுகில் வெந்நீர் விட்டுக்கொண்டிருந்தபோது வெளியே குறட்டைச் சத்தம் கேட்டது. சோபாவில் சுமதி. எனக்கு நோய் வந்த பிறகு அவள் பகலில் கண்ணயர்ந்தது அன்றுதான். கோவிந்த் குழாயை மூடப்போனார்.

இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடச் சொன்னேன்.