முளைக்காத வரிசை

டென்மார்க்கில், விபோர்க் நகரில் நான் நான்காம் வகுப்புப் படித்த வருடம், வரலாற்றுப் பாடத்துக்காக எங்கள் வகுப்பு முழுவதும் கற்கால மனிதர்களாக மாறியது. இலையுதிர்காலத்தில் காட்டுக்குப் போய்க் கொட்டை பொறுக்கினோம். குளிர் வந்ததும் ஆசிரியை எங்களை விவசாயிகளாக்கினார். ஆளுக்கொரு துணிப்பையில் உமியோடு பார்லி தந்து, வசந்தம்வரை வீட்டில் வைத்திருக்கச் சொன்னார். எவ்வளவு பசித்தாலும் விதையைத் தின்னக்கூடாது, மனிதன் ஊர் கட்டி வாழ்ந்ததே அந்தக் கட்டுப்பாட்டால்தான் என்றார். நான் பையைச் சமையலறைத் தட்டில் சீனிப் போத்தலுக்குப் பின்னால் வைத்தேன். அதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியவில்லை.

மாசியில் தங்கைக்குக் காய்ச்சல். எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் பார்லித் தண்ணீர்தான். நான் பள்ளியால் வந்தபோது அம்மா அடுப்படியில் நின்று அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"கோது எடுக்காததைப் பாத்து வாங்கி வச்சிருக்கிறார் உன்ர கொப்பர். எவ்வளவு அவிச்சும் அவியுதில்லை."

என் விதைப்பை வெறுமையாகக் கிடந்தது. நான் அழுத அழுகையில் தங்கை காய்ச்சலை மறந்து எழும்பி வந்துவிட்டாள். அடுத்த நாள் அம்மா தமிழ்க்கடையில் கோது நீக்கிய வெள்ளைப் பார்லி வாங்கி, அதே பையில் போட்டுக் கட்டித் தந்தார்.

"இதுவும் பார்லிதானே பிள்ளை. மண்ணுக்குள்ள போனால் ஆருக்குத் தெரியும்?"

மண்ணுக்குத் தெரிந்துவிட்டது. சித்திரையில் விதைத்தோம். இரண்டு கிழமையில் பள்ளித் தோட்டத்தில் எல்லாருடைய வரிசையும் பச்சையாக எழும்ப, என்னுடையது மட்டும் வெறும் மண்ணாக இருந்தது. ஆசிரியை விசாரித்தபோது உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. விதையைத் தின்ற குடும்பம் திரும்பக் காட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று பகிடியாகச் சொன்னார். வகுப்பே சிரித்தது. மற்றவர்கள் களை பிடுங்க, நான் கூடையோடு வேலியோரம் தனியே கீரை தேடினேன். வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது.

கற்கால மனிதனுக்கே தெரிந்தது உங்களுக்குத் தெரியாதா என்று அன்று வீட்டுக்கு வந்து டேனிஷில் கத்தினேன். அம்மா வெங்காயம் வெட்டியபடியே தமிழில் பதில் சொன்னார்.

"ஏன் தெரியாது? ஊரில சண்டைக்கு இடம்பெயர்ந்த வருசம் விதைநெல்லைத்தான் குத்திக் கஞ்சி காய்ச்சினனாங்கள். உனக்கு அப்ப ஒரு வயசு."

"பிறகு எதை விதைச்சனீங்கள்?" என்றேன், மடக்கிவிட்ட பெருமையில்.

"விதைக்கேல்லை. இஞ்ச வந்திட்டம்."

எங்கள் குடும்பத்துக்கு விவசாயம் சரிவராது என்று முடிவுகட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கப் போனேன். காய்ச்சிய அந்தக் கஞ்சி முதலில் யாருடைய வாய்க்குப் போயிருக்கும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.