வராத லாரி

பத்தொன்பது ஆண்டுகள் டிராக்டர் ஓட்டிய மனிதருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா, தெரியாதா? கிப்வேசி ஊருக்குப் பக்கத்து நார்க் கற்றாழைத் தோட்டத்தில் வேலை பார்த்த கிமந்தியிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். தோட்டத்துச் செம்மண் பாதையில் அவரிடம் யாரும் உரிமம் கேட்டதில்லை. எதிரே வருபவை பெரும்பாலும் ஆடுகள்.

ஐம்பது வயதில் முதுகு டிராக்டரோடு சண்டை போடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட வேனுக்கு ஆள் தேடினார்கள். மெத்தை வைத்த இருக்கை. மாதக் கடைசிக்குள் உரிமத்தோடு வந்தால் வேலை உங்களுக்கு என்றார் தலைமையாசிரியை.

தேர்வில் யாரையும் உடனே வண்டியில் ஏற்றுவதில்லை. முதலில் ஒரு மேசை. மேசைமேல் ஒரு பலகை. அதில் ஒரு முழு ஊரே வரைந்திருக்கும். விரல் நீளப் பொம்மைக் காரைக் கொடுத்து, ஆஸ்பத்திரி வரை நகர்த்தச் சொன்னார் அதிகாரி. கிமந்தி அதைத் தள்ளிக்கொண்டு நேராக ரவுண்டானாவுக்குள் நுழைந்தார்.

"வலப்பக்கம் சிவப்பு லாரி இருக்கே, பெரியவரே. நிக்க வேண்டாமா?"

"அது சும்மா நிக்குதே சார்."

"வர்றதா நினைச்சுக்கணும்."

"வந்தா நிப்பேன் சார். வரலையே."

கண்ணால் கண்டதை மட்டுமே நம்பும் மனிதரோடு வாதாட முடியாது, தோற்கடிக்கத்தான் முடியும். அதிகாரி அதைச் செய்தார்.

மனைவி காவிந்தியா சந்தையில் மாம்பழம் விற்பவர். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, சாப்பாட்டு மேசையிலேயே ஊரைக் கட்டினார். சட்டி மூடி ரவுண்டானா, தீப்பெட்டி கார், ஒரு தக்காளி லாரி.

"ஏங்க, தக்காளி வருது!"

"எங்க வருது? உக்காந்திருக்கு."

"வருதுங்கறேன்ல! நசுக்கிடப் போகுது, பிரேக்கப் போடுங்க!"

இரண்டு வாரத்தில் நல்ல முன்னேற்றம். வலப்பக்கத்திலிருந்து உப்பை நீட்டினால்கூடக் கையை நிறுத்தி வழிவிட்டார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது மறுபடியும் தேர்வு. அதை விட்டால் அடுத்தது மறுமாதம்தான். பலகையின் முன் கிமந்தி காரை வேகமாகத் தள்ளினார். அவசரத்தில் ரவுண்டானாவில் நிற்காமலே போய்விட்டார். அதிகாரி அப்போது கைப்பேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கார் ஆஸ்பத்திரி வாசலில் ஒழுங்காக நின்றது.

"பாஸ். போய் வண்டில ஏறுங்க."

கிமந்தி நகரவில்லை.

"சார், லாரிக்கு நான் வழி விடலை."

"எந்த லாரி?"

"இந்தா, இந்தச் சிவப்பு."

"அது சும்மா நிக்குதே, பெரியவரே."

"வந்துட்டிருந்துச்சு சார்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. தாளில் பாஸ் என்று போட்ட குறியை அடித்துவிட்டார்.

வேன் வேறொருவருக்குப் போயிற்று. மறுமாதம் கிமந்திக்கு உரிமம் கிடைத்தது. இன்றும் முதுகுக்குத் தலையணை வைத்து டிராக்டர்தான் ஓட்டுகிறார்.

"யாருமே பாக்கலையே, எதுக்குச் சொன்னீங்க?" என்று காவிந்தியா ஒரு வருடமாகக் கேட்கிறார். கிமந்தி தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் தக்காளி போடச் சொல்வதோடு சரி.