பூண்டுக் குழம்பும் ஒரு ரஷ்யப் படமும்

2001-ஆம் வருடம். அமெரிக்காவில், சான்டா கிளாராவில் நாங்கள் இருந்த அபார்ட்மென்ட்டில் வாரத்துக்கு ஒரு குடும்பமாவது காலி செய்துகொண்டிருந்தது. நல்ல சோபா, டிவி எல்லாம் குப்பைத் தொட்டி பக்கத்தில் அனாதையாகக் கிடக்கும். கம்ப்யூட்டர் கம்பெனிகள் கொத்துக் கொத்தாக ஆட்களை வேலையைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். வேலை போனால் விசாவும் போகும், ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். என் கணவர் மட்டும் தினமும் கழுத்தில் ஆபீஸ் அட்டையும் கையில் டிபன் பாக்ஸுமாகக் கிளம்பிப் போனார். தப்பித்தோம் என்று நான் விளக்கேற்றி நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

துணி துவைக்கும் அறையில் எனக்கு ஒரு ரஷ்யத் தோழி கிடைத்திருந்தாள். என் வயதுதான். அவள் காலேஜில் இருந்தபோது அவர்கள் நாடே தலைகீழாகிப் போனதாம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நூலகத்தில் ரஷ்யப் படம் போடுகிறார்கள், டிக்கெட் கிடையாது, தன் வயதுக்காரர்களின் கதை, கட்டாயம் வா என்றாள். கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன். அவருக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. நூலக வாசலில் இருந்த பெண்மணி அவரைப் பார்த்துத் தெரிந்தவர் போலச் சிரித்தாள். அமெரிக்கர்கள் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார்களே என்று விட்டுவிட்டேன்.

படத்தில் பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. படித்து முடித்தால் வேலை, வேலை வந்தால் வீடு என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு பையன். திடீரென்று அரசாங்கம் மாறுகிறது, தொழிற்சாலையை மூடிவிடுகிறார்கள். சொன்ன பெரியவர்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. நண்பர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேலி பேசிப் பொழுதைக் கழிக்கிறார்கள். இவனோ தினமும் காலையில் அம்மா கட்டித் தரும் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு, வேலைக்குப் போகிற மாதிரி போய், ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

அந்தக் காட்சியில் என் கணவர் எழுந்தார். பாத்ரூம் என்று முணுமுணுத்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை.

நான் படத்தில் மூழ்கியிருந்தேன். அந்த அம்மா மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. பக்கத்து வீட்டில் போய் மகன் பெருமை பேசுகிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதுகூடவா தெரியாது என்று மனதுக்குள் திட்டினேன். அப்போதுதான், எங்கிருந்தோ, பூண்டுக் குழம்பு ஞாபகத்துக்கு வந்தது.

ஆபீஸ் மைக்ரோவேவில் சூடு பண்ணினால் ஊரே நாறுகிறது, எல்லோரும் மூக்கைப் பிடிக்கிறார்கள் என்று பூண்டு, முட்டை, கருவாடு எதுவும் கட்டக் கூடாதென்பது அவர் போட்ட சட்டம். ஒருநாள் மறதியாகப் பூண்டுக் குழம்பு சாதம் கட்டிவிட்டு, சாயங்காலம் திட்டு விழும் என்று காத்திருந்தேன். பாக்ஸ் காலியாக வந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுவாரமும் கட்டினேன். அப்போதும் சத்தமில்லை. குழம்பு அவ்வளவு ருசி போலிருக்கிறது என்று நானும் பூரித்துப் போயிருந்தேன்!

பாதிப் படத்தில் எழுந்து வெளியே ஓடினேன். அவர் பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். எத்தனை நாளாக என்று கேட்க வாய் வரவில்லை.

"மத்தியானம் எங்க உக்காந்து சாப்பிடறீங்க?"

நூலகத்தின் பக்கம் கை காட்டினார்.

"இங்கதான். லைப்ரரிக்குப் பின்னாடி ஒரு பெஞ்ச் இருக்கு. டெய்லி வந்து கம்ப்யூட்டர்ல வேலைக்கு அப்ளை பண்றேன். உன்கிட்ட சொல்லிட்டா அது நெஜமாயிடும்னு பயமா இருந்துச்சு."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பாதிக் கோபம் என் மேல்தான். "திங்கக்கிழமை எனக்கும் சேர்த்துக் கட்டறேன். நானும் வரேன்" என்றேன்.

அப்படியே போனோம். அந்த பெஞ்சில் உட்கார்ந்து ஆறிப்போன பூண்டுக் குழம்பு சாதத்தை இரண்டு பேரும் சாப்பிட்டோம். அதன்பின் டெக்சாஸில் வேலை கிடைத்ததும், வாழ்க்கை ஓடியதும் தனிக் கதை. அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்றென்று மட்டும் எனக்குத் தெரியாது. கடைசிவரை பார்க்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

இன்றும் என் சமையலில் உப்பில்லை, காரமில்லை என்று அவர் குறை சொன்னால் எனக்கு நிம்மதிதான். ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிற அன்று, கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.